டிரில் பிட்டுக்குச் சுருள் வந்த கதை

டிரில் பிட் என்றதும் நம் கண்ணில் வருவது அந்தச் சுருள் பள்ளம்தான். ஆனால் 1860-களுக்கு முன்னால் பட்டறைகளில் பெரும்பாலும் புழங்கியது தட்டை பிட். எஃகுக் கம்பியைக் காய்ச்சி, நுனியைத் தட்டையாக அடித்து, ஈட்டி மாதிரி தீட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஓட்டை விழும், சீவல்தான் வெளியே வராது. கொஞ்சம் இறங்கியதும் பிட்டை உருவணும், சீவலைத் தட்டணும், மறுபடி இறக்கணும். சுருள் பள்ளம் இருந்தால் பிட் சுற்றச் சுற்றச் சீவல் தானாக மேலே ஏறிவிடும். தேயத் தேயத் தீட்டினாலும் விட்டம் பெரிதாக மாறாது.

சரி, பலன் தெரிந்தும் ஏன் பரவவில்லை? பள்ளத்தை வெட்ட வழியில்லை, அதான் காரணம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் நேரம். ரோட் ஐலண்டு மாநிலத்தின் பிராவிடன்ஸ் டூல் கம்பெனி துப்பாக்கி செய்துகொண்டிருந்தது. அதன் நிப்பிளில் துளை போடச் சுருள் பிட் தேவை. தொழிலாளிகள் உட்கார்ந்து, எலிவால் அரத்தால் ஒவ்வொரு பள்ளமாகக் கையாலேயே ராவினார்கள். எஃகில், அதுவும் சுருளாக! அங்கே பொறுப்பிலிருந்த ஃபிரடெரிக் ஹோவுக்கு இது பொறுக்கவில்லை. அதே ஊரிலிருந்த ஜோசப் பிரவுனிடம் சொன்னார்.

பிரவுன் 1862-ல் செய்து கொடுத்ததுதான் யுனிவர்சல் மில்லிங் மெஷின். மேசையைச் சாய்கோணத்தில் திருப்பி வைக்கலாம். மேசை நகரும்போதே, பல்சக்கரத் தொடர்பால் கம்பியும் மெல்லச் சுழலும். நகர்வும் சுழற்சியும் சேர்ந்தால் கட்டர் வெட்டுவது சுருள். பிட்டுக்காகப் பிறந்த இந்த மெஷின், கியர், ரீமர் என்று எல்லா வேலைக்கும் பரவியது. என்னைக் கேட்டால் பிட்டைவிட இதுதான் பெரிய சமாச்சாரம்.

ஆனால் பெயர் இன்னொருவருக்குப் போனது. மாசசூசெட்ஸ்காரர் ஸ்டீபன் மோர்ஸ் 1863-ல் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருஷமே அவர் பெயரிலான கம்பெனி நியூ பெட்ஃபோர்டில் பிட்டுகளைச் செய்து விற்க ஆரம்பித்தது. திமிங்கில வேட்டைக்குப் பேர்போன துறைமுகம் அது. கையால் ராவியவர்கள் அவருக்கு முன்பே இருந்தார்கள். கடைச்சரக்காக ஆக்கியது மோர்ஸ் என்று சொன்னால் சண்டை வராது.

லேத்தின் டெயில்ஸ்டாக்கில் பிட்டைச் செருகும் கூம்பு வடிவத்துக்கு இன்றும் மோர்ஸ் டேப்பர் என்றுதான் பெயர்.