நெகட்டிவ் இருந்தவங்களும் கெசட் மட்டும் இருந்தவங்களும்

போன நோன்புப் பெருநாள் லீவில நாங்க நாலு பேர் கல்முனையில ஒரு கடைக்கு வீடியோ கெசட் ஒன்றைக் கொண்டு போனோம். எங்களில் ஒருத்தியின் உம்மாட ராத்தாட கலியாணக் கெசட் அது, 1994ஆம் ஆண்டு எடுத்தது. அந்தக் கெசட்டில ஒரு இடத்தில, பின்பக்கத்து வாசலில் நின்று, கெமராவைப் பார்த்து வெட்கப்பட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக் கையால் "போ போ" என்று காட்டுகிற ஒரு மனுசி இருக்கா. அது அவளுடைய உம்மம்மா. சுனாமியில் மௌத்தாகிட்டா. அவ அசைகிற, நடக்கிற படம் என்று உலகத்தில் இருப்பது அந்தப் பதினோரு விநாடி மட்டும்தான்.

கடையில் இருந்த தம்பி சொன்னார்: "இப்ப எல்லாம் ஏஐ இருக்கு. எச்டி ஆக்கித் தாறன்." மூன்று நாளில் பென்டிரைவ் வந்தது. பெரிய டீவியில் போட்டுப் பார்த்தோம். சேலைகள் பளபளக்குது, சுவர் துடைத்துவிட்ட மாதிரி இருக்கு. உம்மம்மாவின் முகம் வந்ததும் கூட்டாளியின் உம்மா கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுச் சொன்னா: "இது எங்கட உம்மா இல்ல மகள்."

உண்மைதான். தோலில் ஒரு சுருக்கமும் இல்லை. கண் இரண்டும் யாரோ ஒரு விளம்பரப் பெண்ணின் கண் மாதிரி. கடைத் தம்பியில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை, அவர் கேட்டதைச் செய்து தந்தார். ஆனால் பழைய டீவி நாடகங்கள் எச்டி தரத்தில் தெளிவாக வந்திருக்கே, அதெல்லாம் எப்படிச் செய்தாங்க, எங்கட கெசட்டுக்கு மட்டும் ஏன் இப்படி ஆகுது என்ற கேள்வி அங்கேதான் தொடங்கினது. கலைப் பீடத்துப் பிள்ளைகள் எங்களுக்கு இது தொழில்நுட்பக் கேள்வியாகத்தான் முதலில் தெரிந்தது. தேடத் தேட, யார் எதைப் பத்திரப்படுத்தி வைத்தார்கள் என்கிற வரலாறாக அது மாறிட்டுது.

கதை 1987இல் இருந்து தொடங்கட்டும். அந்த வருசம் செப்டெம்பரில் அமெரிக்காவில் 'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடங்கியது. 1994 வரை ஏழு சீசன், 178 எபிசோட். இதை அவர்கள் 35 மில்லிமீற்றர் ஃபிலிமில்தான் எடுத்தார்கள், சினிமாப் படம் மாதிரி. ஆனால் எடுத்த ஃபிலிமை உடனே வீடியோ நாடாவுக்கு மாற்றிவிட்டு, வெட்டுவது ஒட்டுவது எல்லாம் நாடாவிலேயே செய்தார்கள். காசும் நேரமும் மிச்சம். அன்றைய அமெரிக்க டீவியில் கண்ணுக்குத் தெரிவது 480 வரி, அதற்கு நாடா போதும். ஆகவே முடிந்துபோன எபிசோட் என்பது நாடாவில் மட்டுமே இருந்தது. ஃபிலிமில் அப்படி ஒரு எபிசோடே கிடையாது, வெட்டாத சுருள்கள் மட்டும்தான் இருந்தன.

வரி என்றதும் எங்களுக்கு மருதமுனைத் தறிதான் ஞாபகம் வந்தது. டீவிப் படமும் நெசவு மாதிரித்தான், வரி வரியாக இழைத்து வருவது. இழை எத்தனையோ அத்தனைதான் துணி. 480 இழையில் நெய்ததை எவ்வளவு இழுத்தாலும் 1080 இழை ஆகாது, ஐதாகும். ஃபிலிமில் அந்தக் கணக்கு இல்லை. அதில் இழை கிடையாது, பொடிப் பொடி மணிகள்தான். 35 மில்லிமீற்றர் ஃபிலிமில் எச்டிக்குத் தேவையானதை விடவும் விபரம் ஒளிந்து கிடக்கும். 1987இல் யாருக்கும் தேவைப்படாத விபரம் அது.

கால் நூற்றாண்டு கழித்து சிபிஎஸ் நிறுவனம் அந்தச் சுருள்களைத் தேடி எடுத்தது. 25,000க்கும் மேற்பட்ட சுருள்கள்! ஒவ்வொன்றையும் ஸ்கேன் பண்ணி, பழைய எபிசோடைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த வெட்டு எந்தச் சுருளில் எந்த ஃபிரேமில் இருக்கு என்று தேடி, முழு நாடகத்தையும் முதலில் இருந்து மறுபடி வெட்டி ஒட்டினார்கள். பழைய தொடரில் வேலை செய்த மைக்கேல் ஒகுடா, டெனிஸ் ஒகுடா இருவரும் ஆலோசகர்களாக இருந்தார்கள். முதல் சீசன் ப்ளூ-ரேயாக 2012 ஜூலையில் வந்தது, ஏழாவது 2014 டிசெம்பரில்.

இதில் எங்களுக்குப் பிடித்த பகுதி கிராபிக்ஸ்தான். அந்தக் கப்பல், எண்டர்பிரைஸ், அந்தக் காலத்தில் பெரும்பாலும் கொம்பியூட்டரில் செய்தது இல்லை. ஆறடி நீளத்தில் ஒரு மாதிரிக் கப்பலைக் கட்டி, கெமராவை மோட்டரில் பூட்டி, ஒரே பாதையில் பல தடவை ஓடவிட்டுப் படம் பிடித்தார்கள். ஒருதரம் கப்பலின் உடம்புக்கு, ஒருதரம் ஜன்னல் வெளிச்சத்துக்கு, இன்னொருதரம் எஞ்சின் ஒளிக்கு. பிறகு இவற்றை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் ஒரு ஷொட். 1987இல் அந்த அடுக்குதலை வீடியோவில் செய்ததால் ஓரமெல்லாம் மங்கிப் போச்சு. ஆனால் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனி ஃபிலிமாகக் கிடந்தது. 2012இல் அதே அடுக்குகளை எடுத்து, அதே ஒழுங்கில், துல்லியமாக அடுக்கினார்கள். ஆக நீங்க ப்ளூ-ரேயில் பார்ப்பது பெரும்பாலும் அன்றைக்குப் படம்பிடித்த அதே கப்பல்தான். லேசர்க் கதிர், சில கிரகங்கள், அந்தக் காலக் கொம்பியூட்டரில் செய்த பளிங்கு உயிரி மாதிரியான சிலதைத்தான் புதிதாகச் செய்ய வேண்டி வந்தது. அப்படியும் ஒரு எபிசோடில் சில விநாடிகளுக்கு ஃபிலிம் கிடைக்கவே இல்லை. அந்த இடத்தில் பழைய நாடாவையே பெரிசாக்கிப் போட்டார்கள்.

அதற்கு முந்தின, 1966 முதல் 1969 வரை வந்த முதல் ஸ்டார் ட்ரெக்கில் வேறு முடிவு எடுத்தார்கள். 2006இல் தொடங்கி, பழைய கப்பல் ஷொட்களைத் தூக்கிவிட்டுப் புதிய கொம்பியூட்டர்க் கப்பலை வைத்தார்கள். ரசிகர்களுக்குக் கோபம். 2009இல் ப்ளூ-ரே வந்தபோது பழையதா புதியதா என்று பார்ப்பவரே மாற்றிக்கொள்ள வசதி வைத்தார்கள். இரண்டையும் தந்தது நல்ல வேலை என்றுதான் சொல்லுவோம். 'பஃபி' தொடருக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. 2014இல் வந்த எச்டி பதிப்பில், பகலில் எடுத்துவிட்டு இரவு மாதிரிக் காட்டப் போட்டிருந்த நீல நிறத்தைச் சில காட்சிகளில் திரும்பப் போடாமல் விட்டுவிட்டார்கள். இரத்தக் காட்டேரி பட்டப் பகலில் நிற்குது. ஓரத்தில் படப்பிடிப்பு ஆட்களும் தெரியுறாங்க.

பிறகு கொம்பியூட்டர்க் காலம் வந்தது. புதுசு என்றால் பத்திரமாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு. 1993இல் தொடங்கிய 'பாபிலோன் 5' தொடரின் விண்வெளிக் காட்சிகள் முழுக்கக் கொம்பியூட்டரில் செய்தவை, அன்றைய டீவிக்குப் போதுமான அளவில் மட்டும். அந்தக் கொம்பியூட்டர்க் கோப்புகளை யாரும் ஒழுங்காக வைத்திருக்கவில்லை. 2021இல் புதுப்பித்தபோது நடிகர்கள் நிற்கும் காட்சிகள் ஃபிலிமில் இருந்து கூர்மையாக வந்தன, கப்பல் வந்ததும் படம் மங்கிப் போகும். 'டீப் ஸ்பேஸ் நைன்' இன்றுவரை முழுதாகப் புதுப்பிக்கப்படவில்லை. ப்ளூ-ரே விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை, நிறுவனத்துக்கு அந்தச் செலவில் லாபம் தெரியவில்லை. அட்டைப் பெட்டிக்குள் கிடந்த ஃபிலிம் பிழைத்தது, ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது காணாமல் போச்சு.

இனி ஃபிலிமே இல்லாதவர்களின் பக்கம் வருவோம். அதே 1987 ஜனவரியில் இந்தியத் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொடங்கியது. 2020 லொக்டவுனில் மறுபடி போட்டபோது அதன் அம்புச் சண்டைத் துண்டுகள் எங்கட வாட்ஸ்அப்புக்கும் வந்தன, பார்த்துச் சிரித்திருப்பீங்க. வானத்தில் ஒரு அம்பு வந்து இன்னொரு அம்பை முட்டும். அது வீடியோ காலத்து வேலை. நாடாவில் கலந்த படத்தில் இருந்து அம்பை வேறாக, வானத்தை வேறாகப் பிரிக்க முடியாது. பாலில் கரைத்த சீனிதான்.

அமெரிக்காவிலும் அதே 1987இல் தொடங்கிய 'எ டிஃபரென்ட் வேர்ல்ட்' என்ற கறுப்பின மாணவர்களைப் பற்றிய நகைச்சுவைத் தொடர் வீடியோ நாடாவில்தான் எடுக்கப்பட்டது. 2025 தொடக்கத்தில் நெட்ஃபிளிக்ஸில் இருந்த அதன் பதிப்பு ஏஐயால் பெரிசாக்கப்பட்டதாக இணையமெங்கும் பேச்சானது. சுவரொட்டி எழுத்து உருகிக் கிடக்குது, பின்னுக்கு நிற்கிறவங்களின் பல்லும் கண்ணும் கோணிப் போயிருக்கு. அதைப் பார்த்ததும் எங்களுக்குக் கூட்டாளியின் உம்மம்மாதான் ஞாபகம் வந்தா.

ஒரு சின்னக் கணக்கு. இலங்கையில் நாங்க பயன்படுத்திய பால் முறையில் ஒரு முழு டிஜிட்டல் படம் 720 தர 576, அதாவது ஏறக்குறைய 4 லட்சத்து 15 ஆயிரம் புள்ளி. எச்டி என்பது 1920 தர 1080, கிட்டத்தட்ட 20 லட்சத்து 74 ஆயிரம். ஆகவே எச்டிப் படத்தில் ஐந்து புள்ளிக்கு நாலு புள்ளி எங்கிருந்தோ வர வேண்டும். வீட்டு வீடியோ கெசட்டில் பதிவாவது இதைவிடவும் குறைவு. ஃபிலிம் இருந்தால் அந்த நாலும் ஃபிலிமில் இருந்து வரும். இல்லாவிட்டால், ஏஐ தான் பார்த்துப் பழகின ஆயிரமாயிரம் வேறு முகங்களில் இருந்து வரும். இரண்டுக்கும் "எச்டி" என்று ஒரே பெயரைச் சொல்லி விற்பதுதான் எங்களுக்குக் கோபம்.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் பக்கம் எண்பதுகள், தொண்ணூறுகளில் அசையும் படமாக எங்கட ஆட்கள் பதிவானது என்றால் அது பெரும்பாலும் கலியாண வீடியோவில்தான். டீவி வைத்திருந்த வீடுகளில் ரூபவாஹினி ஓடியது. 1982 பெப்ரவரியில் ஜப்பான் உதவியோடு தொடங்கியது அது. ஆனால் எங்கட மூத்தம்மாமார் நடந்து திரிவதை அது எங்கே காட்டியது? அதைக் காட்டியவர் தோளில் பெரிய கெமராவும் கூடவே லைட் பிடிக்கும் பொடியனுமாக வந்த கலியாண வீடியோக்காரர். அவருக்கும் கிராபிக்ஸ் உண்டு. புத்தகம் மாதிரிப் புரளும் பக்கம், இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளை, பின்னால் ஒரு காலமும் போகாத பனிமலை. அதைப் பார்த்தும் நாங்க சிரிச்சிருக்கோம். அவரும் ஸ்டார் ட்ரெக்காரர்கள் மாதிரி நாடாவிலேயே கலந்து முடித்தார். வித்தியாசம், அவரிடம் நெகட்டிவ் இல்லை. மூல கெசட்டில் மறுவாரம் இன்னொரு கலியாணம் ஏறியிருக்கும். கெசட் விலை அப்படி.

மிஞ்சியிருந்ததையும் 2004 டிசெம்பர் 26 கொண்டு போனது. இலங்கையில் சுனாமியால் ஆகக் கூடுதலான உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். கடலோரத்து வீடுகளின் அலுமாரிகளோடு அல்பங்களும் கெசட்டுகளும் போயின. மௌத்தானவர்களுக்கு மேல் கெசட்டைப் பற்றி யார் பேசுவது? எங்கட வீடுகளில் அதைப் பற்றிப் பேச்சு வரவே இருபது வருசம் எடுத்தது.

கூட்டாளி வீட்டுக் கெசட் எப்படித் தப்பியது என்றால், அது வீட்டில் இருக்கவில்லை. எங்கட பக்கத்து வழக்கப்படி அவளுடைய மாமா சம்மாந்துறையில் கலியாணம் முடித்துப் பெண் வீட்டோடு போய்விட்டார். அந்த மாமி பார்க்க என்று 1996 போல வாங்கிக் கொண்டு போன கெசட்டைத் திருப்பித் தரவில்லை. எட்டு வருசமாக அதுக்கு ஒரு மனக்கசப்பும் இருந்ததாம். கடல் சம்மாந்துறைக்கு வரவில்லை.

பிபிசி அறுபதுகளில் எடுத்த 'டொக்டர் ஹூ' எபிசோட்களின் நாடாக்களை மறுபடி பாவிக்க அழித்துவிட்டது. தொண்ணூறுக்கும் மேல் இன்னும் இல்லை. ஆனால் வெளிநாடுகளுக்கு விற்ற ஃபிலிம் பிரதிகளில் சில திரும்பி வராமல் அங்கங்கே தங்கிவிட்டன. 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து டீவி நிலையம் ஒன்றில் கிடந்து கிடைத்த எபிசோட்களில் ஒன்பது அதுவரை உலகில் எங்கும் இல்லாதவை. அதைப் படித்தபோது நாங்க "மாமி" என்று சிரித்தோம்.

பிறகு நாங்க செய்தது இதுதான். வேலை செய்யும் டெக் ஒன்றைத் தேடினோம். கடைசி நிறுவனமும் டெக் செய்வதை 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது, ஆகவே பழைய ஒன்றுதான், அதுவும் நிந்தவூரில் கிடைத்தது. நாடா ஓரத்தில் பூஞ்சணம், மெதுவாகத் துடைத்தோம். ஏஐ இல்லை, கூர்மை இல்லை, நிறத் திருத்தம் இல்லை, கெசட்டில் இருந்ததை இருந்தபடி எடுத்தோம். கோப்பு மூன்று இடத்தில் இருக்கு, ஒன்று கடலுக்குத் தூர. எச்டிக் கோப்பையும் அழிக்கவில்லை, "ஏஐ செய்தது" என்று பெயரிட்டு வேறாக வைத்திருக்கோம். நாளைக்கு யாராவது அதுதான் உம்மம்மா என்று நினைத்துவிடக் கூடாது.

பதினோரு விநாடியும் மங்கல். ஓரத்தில் கோடு ஓடுது, முக்காட்டின் சிவப்பு வெளியே வழியுது. கூட்டாளியின் உம்மா மூன்று தரம் போடச் சொன்னா. நாலாவது தரம், "பாருங்க, அந்தக் கைய இப்படித்தான் ஆட்டுவா" என்று தன்னுடைய கையை ஆட்டிக் காட்டினா.

மாமி போன கிழமை கோல் எடுத்திருக்கா. கெசட்டை எப்ப திருப்பித் தருவீங்க என்று கேட்கிறா.