சேமமும் மீட்பும்: இரு சொற்களின் சமூக வரலாறு

பணத்தைச் சேர்த்து வைப்பதையும் உயிரைக் காப்பதையும் ஆன்ம ஈடேற்றத்தையும் ஆங்கிலம் ஒரே வினைச்சொல்லால் சுட்டும். தமிழோ சேமித்தல், காத்தல், மீட்டல், இரட்சித்தல் எனப் பல சொற்களை வழங்குகிறது. இவ்வேறுபாடு வெறும் சொல்வளம் அன்று. சமூக உறவுகளின் வரலாறு அதனுள் பதிந்துள்ளது.

சேமம் என்பது க்ஷேமம் என்னும் வடசொல்லின் திரிபு. நலம், பாதுகாப்பு என்பனவே அதன் மூலப்பொருள். உப்பு வணிகராகிய உமணர், மேடுபள்ளமான வழியில் அச்சு முறியக்கூடும் என எண்ணி, வண்டியின் அடியில் வேறோர் அச்சைக் கட்டிச் சென்றனர். புறநானூற்றின் 102ஆம் பாடல் அதனைச் சேமவச்சு என்கிறது. ஔவையார் பொகுட்டெழினியை அதனோடு ஒப்பிடுகிறார். இங்கு சேமம் குவித்து வைத்த செல்வமன்று; இடருக்கு உதவும் துணை. திருக்குறளின் இறைமாட்சி அதிகாரமும் பொருளைக் காத்தலோடு நின்றுவிடாது, காத்ததை வகுத்தலையும் அரசின் ஆற்றலாகக் கொள்வது நோக்கற்பாலது.

மீட்டல் என்ற சொல்லோ கடனையும் பிணைப்பையும் முன்னிறுத்துவது. கிறித்தவ வழக்கில் அது பாவத்தினின்று விடுவித்தலைக் குறித்தபோதும், மண்ணில் அதற்கு வேறொரு பொருள் இருந்தது. 1707இல் ஒல்லாந்தர் சட்டமாக்கிய தேசவழமை ஒற்றி முறையைக் கூறுகிறது. அம்முறையில் கடன் கொடுத்தவர் வட்டிக்கு ஈடாக நிலத்தின் விளைவை அனுபவிப்பார். உரியவர் கடனைச் செலுத்தி நிலத்தை மீட்பார். மலையகத் தோட்டங்களிலோ மனிதரே கடனாற் பிணைக்கப்பட்டனர். தொழிலாளியின் கடனைப் புதிய தோட்டம் ஏற்றால் அவர் விடுவிக்கப்படுவார் எனக் கூறும் சீட்டே 'துண்டு' எனப்பட்டது. தோட்டம் மாறினும் கடன் தீரவில்லை. 1921இலேயே இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இலங்கைச் சேமிப்பு வங்கி 1832இலும் அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1885இலும் தோன்றின. அவை இரண்டும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய சேமிப்பு வங்கியுள் இணைக்கப்பட்டன. சிக்கனம் தனிமனித அறமாகப் போற்றப்பட்ட அந்த நூற்றாண்டிலேயே தோட்டத் தொழிலாளர் கடனில் உழன்றனர் என்பது மறக்கற்பாலதன்று. மிச்சம் இல்லாதவரிடம் சேமிப்பை வேண்டுவது பொருளற்றது. அவருக்கு முதலில் வேண்டியது மீட்பு.

1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த ஊழியர் சேமலாப நிதி இவ்வகையில் தனித்து நிற்கிறது. இன்று ஊழியர் 8 வீதமும் தொழில்வழங்குநர் 12 வீதமும் அதற்குச் செலுத்துகின்றனர். இங்கே சேமம் தனியொருவரின் சிக்கனத்தை மட்டும் சார்ந்ததன்று. உழைப்பைப் பெறுபவரின் கடப்பாடும் அதில் அடங்குகிறது. உமணர் வண்டியின் அடியில் கட்டிய அச்சின் பொருளுக்கு அச்சொல் இங்கு மீண்டும் நெருங்கி வருகிறது எனலாம்.