திறன்பேசிக்கான இணையச் செயலி

திறன்பேசியின் உலாவியில் ஒரு முகவரியைத் தட்டியதும் இயங்கத் தொடங்கி, பயனர் விரும்பினால் முகப்புத் திரையில் சின்னமாகவும் அமர்ந்துகொள்ளும் மென்பொருள். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய இணைய மொழிகளில் எழுதப்படுவது. ஆப் ஸ்டோர், ப்ளே ஸ்டோர் போன்ற கடைகளில் ஓர் ஆப்பை வெளியிட வேண்டுமானால் கடை நடத்தும் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். திருத்திய பதிப்பையும் மறுபடி பரிசீலனைக்கு அனுப்ப வேண்டும். இணையச் செயலியை வெளியிட ஒரு சர்வரும் ஒரு முகவரியும் இருந்தால் போதும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்தச் சுதந்திரத்தை முதலில் தொலைபேசி நிறுவனங்களும், பின்னர் திறன்பேசி நிறுவனங்களும் எவ்வளவு தூரம் விட்டுக்கொடுத்தன என்பதைச் சுற்றியே இதன் வரலாறு நகர்கிறது.

தொடக்க காலம்

1997இல் எரிக்சன், நோக்கியா, மோட்டோரோலா, அன்வயர்டு பிளானட் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து ‘வாப்’ நெறிமுறைக்கான அமைப்பைத் தொடங்கின. கைப்பேசியின் சின்னத் திரைக்கென்று தனி மொழி, தனிப் பக்கங்கள் என்பது அவர்களுடைய திட்டம். 1999இல் நோக்கியா 7110 ‘வாப்’ பக்கங்களைத் திறக்கும் உலாவியோடு விற்பனைக்கு வந்தது. இணைப்புக் கிடைக்கவே நேரம் பிடித்தது. நிமிடக் கணக்கில் காசு கரைந்தது. மக்களிடம் அது எடுபடவில்லை.

ஜப்பானில் கதையே வேறு. என்.டி.டி. டோகோமோ நிறுவனம் 1999 பிப்ரவரி 22 அன்று ‘ஐ-மோட்’ சேவையைத் தொடங்கியது. எச்.டி.எம்.எல். மொழியின் சுருக்க வடிவத்திலேயே பக்கங்களை எழுதலாம் என்பதால் சாதாரண இணையதளம் அமைக்கத் தெரிந்த யாரும் அதற்கும் எழுத முடிந்தது. இணைப்பில் இருந்த நேரத்துக்குப் பதிலாக, வந்துபோன தரவின் அளவுக்கே கட்டணம். தளங்களின் சந்தாவை மாத பில்லோடு சேர்த்து வசூலித்துக் கொடுத்த டோகோமோ, அதற்காக எடுத்துக்கொண்டது 9 விழுக்காடுதான். பிற்காலத்துச் செயலிக் கடைகள் 30 விழுக்காட்டை வழக்கமாக்கியதை நினைத்தால் இந்த எண்ணின் அருமை விளங்கும். அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெறாத தளங்களையும் முகவரியைத் தட்டித் திறக்கலாம் என்பது ஐ-மோட் செழித்ததற்கு இன்னொரு காரணம்.

இந்தியா போன்ற நாடுகளில் கைப்பேசி இணையத்தைப் பரவலாக்கிய பெருமை நார்வே நாட்டின் ஓப்பரா மினி உலாவிக்கு உரியது. 2006 தொடக்கத்தில் உலகெங்கும் வெளியான இது, பக்கத்தைத் தன் சர்வரில் சுருக்கி அனுப்பியது. அன்றைய கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வெறும் கட்டங்கள் தெரியும். ஓப்பரா மினியின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், சிக்கலான எழுத்துகளைப் படமாக அனுப்பும் விருப்பத்தை இயக்கிவிட்டால் தமிழ் தெரியும். ஆண்ட்ராய்டு தன் 4.0 பதிப்பில், 2011இல்தான், தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் வசதியைக் கொண்டுவந்தது. அதுவரை இந்தச் சுற்றுவழிதான் பலருக்குக் கைகொடுத்தது.

ஐஃபோனும் அதன் பிறகும்

2007 ஜூன் 11 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஆப்பிளின் நிரலாளர் மாநாடு. ஐஃபோன் விற்பனைக்கு வர இன்னும் 18 நாள் இருந்தது. வெளியார் அதற்கு எப்படி மென்பொருள் எழுதுவது என்ற கேள்விக்கு ஸ்டீவ் ஜாப்ஸ் தந்த பதில், சஃபாரி உலாவிக்கு இணையச் செயலி எழுதுங்கள் என்பதுதான். அரங்கில் இருந்தவர்களுக்கு அது பெரும் ஏமாற்றம். கேமராவை இணையச் செயலிகளால் தொட முடியாது. சிக்னல் இல்லாவிட்டால் திரை வெறுமையாகிவிடும். முதல் ஐஃபோனுக்கு 3ஜி இணைப்பும் இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று, நேரடியாகப் போனில் இயங்கும் ஆப்களை எழுதுவதற்கான கருவித்தொகுப்பு வரப்போவதாக ஆப்பிள் அறிவித்தது. 2008 ஜூலை 10 அன்று ஏறத்தாழ 500 ஆப்களோடு ஆப் ஸ்டோர் திறந்தது. உலகத்தின் கவனம் முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்தது.

ஆனாலும் அந்த ஓராண்டு வீண்போகவில்லை. இன்று நாம் புழங்கும் கைப்பேசி இணையத்தின் பல அடிப்படைகள் அப்போது போட்டவை. முதல் ஐஃபோனின் திரை 320 பிக்சல் அகலம். பழைய தளங்கள் உடையாமல் தெரிய வேண்டும் என்பதற்காக, எந்தப் பக்கத்தையும் 980 பிக்சல் அகலம் கொண்டதாகக் கருதி சஃபாரி அதைச் சுருக்கிக் காட்டியது. திரையின் உண்மையான அகலத்துக்கே எழுதியிருக்கிறோம் என்று உலாவிக்குச் சொல்ல ‘வியூபோர்ட்’ என்ற ஒற்றை வரியை ஆப்பிள் அறிமுகப்படுத்தியது. மற்ற உலாவிகளும் அதை ஏற்றன. இன்றைக்கும் கைப்பேசிக்கென எழுதப்படும் பக்கங்களின் தலைப்பகுதியில் அந்த வரி இருக்கிறது. முகப்புத் திரையில் ஓர் இணையதளத்தைச் சின்னமாக வைக்கும் வசதி 2008 ஜனவரியில் வந்தது.

அந்தக் காலத்தின் இன்னொரு மிச்சம் நிரலாளர்களை ஆண்டுக்கணக்கில் வாட்டியது. விரலால் இருமுறை தட்டினால் பக்கம் பெரிதாகும். எனவே ஒருமுறை தட்டியதும், இரண்டாவது தட்டல் வருகிறதா என்று பார்க்க உலாவி சுமார் 300 மில்லி விநாடி காத்திருக்கும். அந்தக் கால் விநாடித் தயக்கத்தாலேயே இணையச் செயலிகள் ஆப்களுக்குப் பக்கத்தில் மந்தமாகத் தெரிந்தன. கைப்பேசிக்கென எழுதிய பக்கங்களில் குரோம் 2014இலும், சஃபாரி 2016இலும் இந்தக் காத்திருப்பை நீக்கின.

கடையைத் தவிர்த்தவர்கள்

கூகுளின் தொலைபேசிச் சேவையான கூகுள் வாய்ஸின் ஆப்புக்கு 2009இல் ஆப் ஸ்டோரில் இடம் கிடைக்கவில்லை. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமே விளக்கம் கேட்கும் அளவுக்கு விவகாரம் வளர்ந்தது. 2010 ஜனவரியில் கூகுள் அதே சேவையை இணையச் செயலியாக வெளியிட்டது. அதற்கு எவருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை.

லண்டன் நாளிதழான ஃபைனான்ஷியல் டைம்ஸ் இன்னும் துணிந்த முடிவை எடுத்தது. சந்தாவில் 30 விழுக்காட்டை ஆப்பிள் கேட்டது ஒருபுறம். சந்தாதாரர் யார் என்ற விவரம் பத்திரிகையின் கைக்கு வராது என்பது மறுபுறம். 2011 ஜூனில் அந்த நாளிதழ் தன் இணையச் செயலியை வெளியிட்டது. ஆகஸ்டில் அதன் ஆப் கடையிலிருந்து போய்விட்டது. வாசகர் விவரம் இல்லாத பத்திரிகை, வாசகரை இழந்த பத்திரிகைக்குச் சமம். அவர்கள் செய்தது சரியான முடிவு. மேலே சொன்ன 300 மில்லி விநாடித் தயக்கத்தைக் கடக்க அப்போது எல்லோரும் எடுத்தாண்ட ‘ஃபாஸ்ட்கிளிக்’ நிரல்தொகுப்பு அந்த நாளிதழின் தொழில்நுட்பக் குழு எழுதிக் கொடுத்ததே.

எதிர்த்திசையில் நடந்தது ஃபேஸ்புக். ஆப்பின் உள்ளே இணையப் பக்கங்களை வைத்து ஓட்டிய முறை மெதுவாக இருந்ததால் 2012 ஆகஸ்டில் ஐஃபோன் ஆப்பை முழுவதும் மாற்றி எழுதியது. எச்.டி.எம்.எல். 5ஐ அளவுக்கு மீறி நம்பியதே தங்கள் பெரிய தவறு என்று மார்க் சக்கர்பெர்க் அடுத்த மாதம் ஒரு மேடையில் சொன்னார். அந்தப் பேச்சைப் பலரும் இணையச் செயலிக்கு எழுதிய இரங்கல் குறிப்பாகவே படித்தார்கள். ஐஃபோன், ஆண்ட்ராய்டு ஆப்கள் இரண்டையும் சேர்த்தாலும் அவற்றைவிட அதிகமானோர் கைப்பேசி உலாவியில்தான் ஃபேஸ்புக்கைத் திறக்கிறார்கள் என்று அதே மேடையில் அவர் சொன்னது யாருக்கும் நினைவில் தங்கவில்லை.

திறன்பேசி முழுவதையுமே இணைய மொழிகளில் இயக்கிக் காட்ட மொசில்லா முயன்றது. 2013இல் ஸ்பெயினில் தொடங்கிய ஃபயர்பாக்ஸ் ஓ.எஸ்., 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் நிறுவனத்தின் 1,999 ரூபாய் கைப்பேசியில் இந்தியாவுக்கு வந்தது. 2015 இறுதியில் மொசில்லா அந்த முயற்சியை நிறுத்திக்கொண்டது. அதன் நிரலைத் தழுவி எழுந்ததே, 2017இல் அறிவிக்கப்பட்ட ஜியோபோனை இயக்கிய காய் ஓ.எஸ்.

சர்வீஸ் ஒர்க்கர்

சிக்னல் இல்லாத இடத்தில் என்ன செய்வது? இதற்கு முதலில் வந்த தீர்வு ‘ஆப் கேஷ்’. சேமிக்க வேண்டிய கோப்புகளை ஒரு பட்டியலில் எழுதிவிட வேண்டும், மிச்சத்தை உலாவி பார்த்துக்கொள்ளும். கேட்க எளிதாக இருந்த இது நடைமுறையில் தொல்லையாக முடிந்தது. இணைய இணைப்பு நன்றாக இருக்கும்போதும் பழைய பக்கத்தையே முதலில் எடுத்து நீட்டும். பட்டியலில் ஒரு கோப்பு கிடைக்காவிட்டாலும் மொத்தச் சேமிப்பும் தோற்றுவிடும். பின்னாளில் உலாவிகள் இதைக் கைவிட்டன.

2014இல் வரைவாகவும் 2015 ஜனவரியில் குரோம் 40ஆம் பதிப்பிலும் வந்த ‘சர்வீஸ் ஒர்க்கர்’, முடிவெடுக்கும் பொறுப்பை நிரலாளரிடமே கொடுத்தது. பக்கத்துக்கும் இணையத்துக்கும் நடுவே உட்காரும் சிறு நிரல் அது. பக்கம் கேட்கும் ஒவ்வொரு கோப்பும் அதன் கையைத் தாண்டித்தான் போகும். சேமிப்பிலிருந்து கொடுப்பதா, சர்வரிடம் கேட்பதா, இரண்டும் இல்லாதபோது எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று அது தீர்மானிக்கும். செயலி மூடியிருக்கும்போதும் அறிவிப்பை வாங்கிக் காட்டும். 2015 ஜூனில் கூகுள் பொறியாளர் அலெக்ஸ் ரஸ்ஸலும் வடிவமைப்பாளர் ஃபிரான்சஸ் பெர்ரிமனும் இந்த வகைச் செயலிகளுக்கு ‘புரோகிரசிவ் வெப் ஆப்’ என்று பெயர் வைத்தார்கள். அதுவே நிலைத்தது.

முதல் பெரிய சோதனைக் களம் பெங்களூருவில் அமைந்தது. 2015 தொடக்கத்தில் ஃபிளிப்கார்ட் தன் கைப்பேசி இணையதளத்தை மூடி, வருபவர்களை ஆப்பின் பக்கம் அனுப்பியது. மிந்த்ரா அதே ஆண்டு மே மாதம் கணினித் தளத்தையும் மூடியது. நினைவகம் குறைந்த போனில், 2ஜி இணைப்பில் பொருள் வாங்க வந்தவருக்கு இது கதவடைப்பு அல்லாமல் வேறில்லை. 2015 நவம்பரில் ‘ஃபிளிப்கார்ட் லைட்’ என்ற இணையச் செயலியோடு ஃபிளிப்கார்ட் உலாவிக்குத் திரும்பியது. கூகுள் வெளியிட்ட குறிப்பின்படி அதைப் பயன்படுத்தியவர்களில் 63 விழுக்காட்டினர் 2ஜி இணைப்பில் வந்தவர்கள். தரவுச் செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. தளத்தில் செலவிட்ட நேரம் மூன்று மடங்கானது. மிந்த்ராவும் 2016 ஜூனில் கணினித் தளத்தைத் திறந்தது. 2017 ஏப்ரலில் வந்த ‘ட்விட்டர் லைட்’ என்ற இணையச் செயலி ஒரு மெகாபைட்டுக்கும் குறைவான இடத்தில் அடங்கியது.

வெளியிடும் முறை

முகப்புத் திரையில் நிறுவி, சிக்னல் இல்லாமலும் இயக்கக்கூடிய இணையச் செயலியை வெளியிட மூன்று தேவை. முதலாவது, எச்.டி.டி.பி.எஸ். பாதுகாப்பு இணைப்பு, சர்வீஸ் ஒர்க்கர் அது இல்லாமல் இயங்காது. ஒரு காலத்தில் இதற்கான சான்றிதழைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதும் சிறு பத்திரிகைகளுக்கும் அது எட்டியது. இரண்டாவது, ‘மேனிஃபெஸ்ட்’ கோப்பு: செயலியின் பெயர், சின்னம், திறக்க வேண்டிய முகவரி, திரையின் நிறம் ஆகியவற்றைச் சொல்லும் சில வரிகள். மூன்றாவது சர்வீஸ் ஒர்க்கர். உலாவிகள் சில இப்போது அது இல்லாமலும் முகப்புத் திரையில் நிறுவ விடுகின்றன; ஆனால் சிக்னல் போனால் செயலியும் போய்விடும்.

கவனம் அதிகம் தேவைப்படுவது திருத்தங்களை வெளியிடும்போதுதான். சர்வரில் உள்ள சர்வீஸ் ஒர்க்கர் கோப்பில் ஒரு பைட் மாறினாலும் உலாவி புதியதை இறக்கிக்கொள்ளும். ஆனால் உடனே மாற்றாது. பழையதைப் பயன்படுத்தும் பக்கங்கள் எல்லாம் மூடப்படும் வரை புதியது காத்திருக்கும். உலாவித் தாவல்களை நாள்கணக்கில் மூடாமல் வைத்திருக்கும் வாசகருக்குப் போன வாரத்து விலையும் போன வாரத்துப் பிழையும் தெரிந்துகொண்டே இருக்கும். ‘புதிய பதிப்பு வந்துள்ளது’ என்று ஒரு பட்டையைக் காட்டி, தட்டியதும் மாற்றிக்கொள்ளச் செய்வது இதற்கான நல்ல வழக்கம். வெளியிடும் முன், கையில் உள்ள விலை உயர்ந்த போனை ஓரம் வைத்துவிட்டு, மலிவான ஆண்ட்ராய்டு ஒன்றில் மெதுவான இணைப்பில் திறந்து பார்ப்பது எந்த ஆய்வறிக்கையையும்விடப் பயன் தரும்.

ஆப்பிளின் பிடி

ஐஃபோனில் சர்வீஸ் ஒர்க்கர் 2018 மார்ச்சில் ஐ.ஓ.எஸ். 11.3 பதிப்போடு வந்தது. குரோமுக்கு மூன்றாண்டு பிந்தி. அறிவிப்பு அனுப்பும் வசதி 2023 மார்ச் வரை இல்லை. குரோம் அதை 2015லேயே கொடுத்துவிட்டது. ஐஃபோனில் எந்த உலாவியை நிறுவினாலும் உள்ளே இயங்க வேண்டியது ஆப்பிளின் வெப்கிட் இயந்திரம்தான் என்பது அப்போது எங்கும் விதியாக இருந்ததால், ஆப்பிள் கொடுக்காததை வேறு யாரும் கொடுக்கவும் வழியில்லாமல் இருந்தது. ஆண்ட்ராய்டு பக்கத்தில் 2019 முதல் இணையச் செயலியை ப்ளே ஸ்டோரிலேயே வைக்கவும் முடிகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் இந்த வெப்கிட் விதியைத் தளர்த்த வற்புறுத்தியபோது, 2024 பிப்ரவரியில் ஆப்பிள் எதிர்பாராத ஒன்றைச் செய்தது. ஐரோப்பாவில் முகப்புத் திரை இணையச் செயலிகளையே எடுத்துவிடப்போவதாக அறிவித்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டியது. நிரலாளர்கள் திரண்டு எதிர்த்தார்கள், ஐரோப்பிய ஆணையமும் கேள்வி எழுப்பியது. மார்ச் 1 அன்று ஆப்பிள் முடிவைத் திரும்பப் பெற்றது. யாருடைய அனுமதியும் தேவையில்லாத ஒன்றை ஒரு நிறுவனம் ஒரே அறிவிப்பில் துடைத்துவிட முடியும் என்பதை அந்தச் சில வாரங்கள் காட்டிவிட்டன.

நிறுவும் முறையிலும் ஆப்பிளின் பிடி தெரிகிறது. ஆண்ட்ராய்டில் குரோம் உலாவியே ‘நிறுவலாமா’ என்று பயனரைக் கேட்கும். ஐஃபோனின் சஃபாரியில் தளம் அப்படிக் கேட்க வழியில்லை. பகிர்வுச் சின்னத்தைத் தட்டி, பட்டியலில் கீழே போய், முகப்புத் திரையில் சேர்க்கும் கட்டளையைப் பயனரே தேடி எடுக்க வேண்டும்.