எட்டு எம்பி கார்டும் 825 ஜிபி பெட்டியும்

ஆம்பூரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து நாங்க பிளேஸ்டேஷன் 2 ஆடின கடையில் சண்டை வந்தால், பெரும்பாலும் மெமரி கார்டுக்காகத்தான். மொத்தமே 8 எம்பி. நிறைஞ்சா யாரோ ஒருத்தனோட சேவ் அழிஞ்சே ஆகணும். தோல் கம்பெனி ஷிஃப்ட் முடிச்சு வர்ற அண்ணன்களோட சேவில் கைவைக்க யாருக்குத் தைரியம்? அழிஞ்சது எங்களோடதுதான்.

ஆனால் கேம் பத்திரமா டிஸ்க்கிலேயே இருந்தது. 2013-இல் வெளியான பிளேஸ்டேஷன் 4-இல் அது மாறிப்போச்சு. ப்ளூரே டிஸ்க்கைப் படிக்கிற வேகம் போதாததால், கேமையே ஹார்ட் டிஸ்க்கில் ஏத்தியாகணும். 500 ஜிபி சீக்கிரமே நிறைஞ்சது.

2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த பிளேஸ்டேஷன் 5-இல் 825 ஜிபி. ஏன் இந்த வினோத எண்? வேகத்துக்காக 12 சேனல் வச்சாங்க. சேனலுக்கு 64 ஜிபி. கம்ப்யூட்டர் கணக்கில் (1024 மடங்கு) 768. ஆயிரம் ஆயிரமா எண்ணினால் 825. சிஸ்டம் எடுத்தது போக நமக்குக் கிடைப்பது சுமார் 667. கூடுதல் எஸ்எஸ்டி போடும் வசதியைத் திறந்துவிட்டதே அந்த செப்டம்பரில்தான்.

போன வாரம் இடம் பத்தாமல் அண்ணன் பையன் ஒரு பெரிய கேமை அழிச்சான். நெட்டில் வாங்கினது, டிஸ்க் கிடையாது. சேவ் மட்டும் அப்படியே இருக்கு.