'அ ஃபமோசா': கல்லும் சொல்லும்

மலாக்கா நகரின் குன்றடியில் ஒரு கல் வாயில் தனித்து நிற்கின்றது. அதைச் சூழ்ந்திருந்த மதில்கள் இல்லை, காவற்கோபுரமும் இல்லை. ஆயினும் 'அ ஃபமோசா' என்னும் பெயர் அழியவில்லை. போர்த்துக்கீசிய மொழியில் அதற்குப் 'புகழ்பெற்றது' என்பது பொருள். கோட்டையைக் குறிக்கும் சொல் அம்மொழியில் பெண்பால் ஆதலின், 'ஃபமோசோ' என்னும் பெயரடை 'ஃபமோசா' ஆயிற்று.

இச்சொல்லின் தாய்மொழி இலத்தீன். பேசுதலைக் குறிக்கும் வினையடியிலிருந்து 'ஃபாமா' என்னும் பெயர்ச்சொல் தோன்றியது. ஊரார் வாயில் உலவும் பேச்சே ஃபாமா. அது புகழாகவும் இருக்கலாம், பழியாகவும் இருக்கலாம். அதனின்று பிறந்த 'ஃபமோசுஸ்' என்னும் பெயரடையும் இரு பொருளையும் தாங்கியது. பிறர் பெயரைக் கெடுக்கும் ஏடுகளை உரோமானியர் இவ்வடையாலேயே சுட்டினர். அத்தகைய ஏடுகளின்மீது அகஸ்டஸ் பேரரசர் அரசத் துரோகச் சட்டத்தை ஏவினார் என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறிக்கின்றார். புகழுக்கு ஓர் அதிகாரமும் அலருக்கு ஓர் அதிகாரமும் வகுத்த திருக்குறளைக் கற்றோர்க்கு இவ்விருமை எளிதில் விளங்கும்.

காலப்போக்கில் நற்பொருளே மேலோங்கியது. இத்தாலியம், இசுப்பானியம், போர்த்துக்கீசியம் ஆகிய மூன்றிலும் 'ஃபமோசோ' வழங்குகின்றது. பிரெஞ்சு வடிவத்தின் வழியே ஆங்கிலம் 'ஃபேமஸ்' என்னும் சொல்லைப் பெற்றது. இசுப்பானியத்தில் சொல்லின் முதலில் நின்ற ஃபகரம் பல இடங்களில் மறைந்தது. 'அழகிய' எனப் பொருள்படும் 'ஃபோர்மோசுஸ்' அங்கே 'எர்மோசோ' ஆயிற்று. ஃபமோசோ அவ்வாறு திரியவில்லை. அது வாய்வழி வந்த சொல்லன்று, கற்றோர் இலத்தீன் ஏடுகளிலிருந்து எடுத்தாண்ட சொல் என்பதற்கு இதுவே சான்று.

1511ஆம் ஆண்டில் மலாக்காவை வென்ற அல்புகர்க் அங்கே கோட்டை எழுப்பினார். பள்ளிவாசல்களிலிருந்தும் மலாய் மன்னரின் கல்லறைகளிலிருந்தும் பெயர்த்த கற்கள் அதற்குப் பயன்பட்டன. வென்றோர் அதனைப் 'புகழ்பெற்றது' என்றனர். முன்னோரின் கல்லறையை இழந்தோர்க்கோ அச்சொல்லின் பழிப்பொருளே பொருந்தும். 1641இல் டச்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். 1807இல் ஆங்கிலேயர் அதனை இடிக்கலாயினர். எஞ்சிய வாயிலின்மேல் இன்று காணப்படுவது டச்சுக்காரர் பொறித்த 1670 என்னும் ஆண்டே.

மாணவரை அவ்வாயிலுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், கல்லின் கதையோடு சொல்லின் கதையையும் கூறுதல் வேண்டும். புகழ்ப்பொருளை மட்டும் கற்பித்தால் வரலாற்றின் பாதி மறைந்துவிடும்.