கறிமுயல் அறுப்பு: காவிரிப் படுகை

கறிக்காக வீட்டில் வளர்த்த முயலை, அச்சமும் வலியும் கூடியவரை இல்லாமல் கொல்லும் முறை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நெல் விவசாயத்தோடு ஆடு, மாடு, கோழி வளர்ப்பவர்களில் சிலர் கொல்லையில் கூண்டு வைத்து முயலும் வளர்க்கிறார்கள். ஆட்டுக்கும் கோழிக்கும் கறிக்கடை உண்டு. முயலைப் பெரும்பாலும் வளர்த்தவரே அறுக்க வேண்டியிருக்கிறது. அது நல்ல சாவா, கெட்ட சாவா என்பதும் அந்த ஒருவரின் கையில்தான் இருக்கிறது.

திடலிலும் வரப்போரத்திலும் ஓடும் காட்டு முயல் வேறு இனம். 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அதை வலை வைத்துப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். கூண்டில் வளர்வது ஐரோப்பிய முயலின் வழி வந்த சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட், நியூசிலாந்து வெள்ளை போன்ற இனங்கள். தமிழ்நாட்டில் இவற்றை ஆராயும் நிலையங்கள் நீலகிரியின் சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் மலையின் மன்னவனூரிலும் இருக்கின்றன. இரண்டும் குளிர்ப் பகுதிகள். முயலுக்கு வியர்த்து உடல் ஆறாது. காது வழியாகவும் மூச்சு வழியாகவும்தான் சூடு இறங்கும். 30 டிகிரியைத் தாண்டினாலே அது வாடத் தொடங்கும். டெல்டாவின் சித்திரை, வைகாசியில் பகலில் பிடித்து அலைக்கழித்தால் கத்தி படுமுன்பே பாதி உயிர் போய்விடும். வெயில் ஏறுமுன் விடியற்காலையில் அறுப்பதே நல்லது.

1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் உணவுக்காகக் கொல்வதைக் குற்றமாக்கவில்லை. தேவையில்லாத வலி கொடுத்தால் மட்டும் குற்றம் என்கிறது. ஒரு விலங்கின் கண்ணெதிரே மற்றொன்றை அறுக்கக் கூடாது, சினையானதையும் மூன்று மாதத்துக்குக் குறைந்ததையும் அறுக்கக் கூடாது என்பவை 2001ஆம் ஆண்டு அறுவைக்கூட விதிகள். கறிமுயல் சுமார் 12 வாரத்தில் 2 கிலோவை எட்டுவதால் வயது விதியால் வளர்ப்பவருக்குப் பெரிய இழப்பில்லை. உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் இறைச்சி விலங்குப் பட்டியலில் முதலில் வீட்டு முயல் இல்லை, பின்னர் சேர்த்தார்கள். கொல்லைப்புறத்துக்கு எந்த ஆய்வாளரும் வருவதில்லை என்பதால் இவற்றையெல்லாம் அறுப்பவர் தாமே கடைப்பிடித்தால்தான் உண்டு.

முயலின் வேதனை பெரும்பாலும் பிடிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. காதைப் பிடித்துத் தூக்குவது பலருக்குப் பழக்கம். அது கொடுமை, விட்டுவிட வேண்டும். பிடரித் தோலை ஒரு கையால் பற்றி, மறு கையைப் பின்பகுதிக்கு அடியில் கொடுத்து உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும். பின்கால்களைத் தாங்காமல் விட்டால் அது உதைக்கிற வேகத்திலேயே முதுகெலும்பு முறியலாம். முயல் பெரும்பாலும் சத்தம் போடாத பிராணி. அது வீறிட்டால், உயிர் பயத்தின் உச்சத்தில் இருக்கிறது என்று பொருள். முந்தின இரவோடு தீனியை நிறுத்தலாம். தண்ணீரை நிறுத்தக் கூடாது.

அறுக்குமுன் நினைவிழக்கச் செய்வதே இம்முறையின் உயிர்நாடி. கழுத்து முறித்தல், தலையில் ஒரே பலத்த அடி, மண்டையைத் துளைக்காத போல்ட் துப்பாக்கி, மின் அதிர்ச்சி ஆகியவை வழக்கத்தில் உள்ளவை. கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பண்ணை முயல்களை வைத்துச் செய்த ஆய்வில், கையால் அடிக்கும் முறையே ஒப்பிட்ட மற்ற முறைகளைவிட அதிகம் தவறியது. நம் ஊரில் கைக்கு எளிதாகக் கிடைப்பதும் அதுதான். அடிப்பவர் தயங்கினால் வலி இரட்டிப்பாகும். தயக்கம் உள்ளவர் அன்று அறுக்காமல் இருப்பதே முயலுக்குச் செய்யும் நன்மை. அடி சரியாக விழுந்தால் மூச்சின் சீர் நின்றுவிடும், விழியைத் தொட்டாலும் இமை அசையாது. கால்கள் சற்று நேரம் உதறும். அது அனிச்சை அசைவு. சீரான மூச்சோ இமையசைவோ தெரிந்தால் காத்திருக்காமல் உடனே மறுபடி அடிக்க வேண்டும். பிறகு தாமதிக்காமல், கழுத்தின் இரு பக்க ரத்தக் குழாய்களும் அறும்படி கூரான சூரிக்கத்தியால் ஒரே இழுப்பு.

நாகூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் இஸ்லாமியர் ஹலால் முறையில் அறுப்பர்; மதச் சடங்கு முறைக்கு 1960 சட்டத்தின் 28ஆம் பிரிவு விலக்கு தருகிறது. கத்தி கூராக இருக்க வேண்டும், விலங்கின் முன் தீட்டக் கூடாது, ஒன்றின் முன் மற்றொன்றை அறுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடுகள் அந்த மரபிலேயே உள்ளன.

தோலுரித்துக் குடலெடுத்தபின் உயிர் எடையில் பாதிக்குச் சற்று அதிகமாகக் கறி தேறும். ஈரல்மீது வெண்புள்ளிகள் இருந்தால் அது பெரும்பாலும் ரத்தக்கழிச்சல் நோயின் அடையாளம். மழைக்கால ஈரத்தில் கூண்டு நனையும் டெல்டாவில் இதை அடிக்கடி எதிர்பார்க்கலாம். அந்த ஈரலைத் தின்னாமல் ஆழப் புதைக்க வேண்டும். மிச்ச முயல்களின் கூண்டுகளையும் கவனிக்க வேண்டும். சொறிக்கு ஐவர்மெக்டின் ஊசி போட்ட முயலை, மருந்து உடலை விட்டு நீங்கக் கால்நடை மருத்துவர் சொன்ன நாள்கள் முடியும்வரை அறுக்கக் கூடாது.