விறைப்பின் நேரம்: நரம்புத் தடையின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

உணர்வகற்றும் மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த மருந்து, எவர், எந்த ஆண்டு என்னும் வினாக்களோடு அது நின்றுவிடுகிறது. நாம் இங்கு நோக்க விரும்புவது வேறொரு வினாவாகும். ஒரு கையை விறைக்கச் செய்வது ஒரு பிரச்சினை; சத்திரசிகிச்சை முடிந்து, நோவு மிகும் முதலிரவு கழியும்வரை அவ்விறைப்பை நிலைக்கச் செய்வது பிறிதொரு பிரச்சினை. இவ்விரண்டாவது பிரச்சினைக்கு முதன்முதலில் அளிக்கப்பட்ட விடை பின்வந்த நூற்றிருபது ஆண்டுச் சிந்தனையைக் கட்டுப்படுத்தியது என்பதே நமது கருத்து.

தொடக்கம் கொக்கா இலையாகும். அந்தீசு மலைத்தொடரின் உழைக்கும் மக்கள் சாம்பலும் சுண்ணமும் சேர்த்து அதனை மென்றனர். அதனால் வாய் விறைப்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். நோவாரா என்னும் ஒஸ்திரியக் கப்பலின் உலகப் பயணத்தோடு தொடர்புற்று (இக்கப்பல் 1858 சனவரியில் நமது காலித் துறைமுகத்திலும் நங்கூரமிட்டது) அவ்விலை ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரை அடைந்தது. அங்கு அல்பேட் நீமன் 1860ஆம் ஆண்டளவில் அதிலிருந்து கொக்கெயினைப் பிரித்தெடுத்தார். நாவில் இட்டால் அது விறைப்பதை அவர் குறித்தும் வைத்தார். ஆயினும் இருபத்துநான்கு ஆண்டுகள் அக்குறிப்பு பயன்படாது கிடந்தது. 1884 செப்ரெம்பரில் வியன்னாவைச் சேர்ந்த இளம் மருத்துவர் கார்ள் கொல்லர் கண்ணில் அதனைப் பயன்படுத்திக் காட்டினார். ஹைடல்பேர்க் மாநாட்டுக்குச் செல்லப் பயணச் செலவுக்கு வழியின்மையால், அவரது கட்டுரையை வேறொருவரே வாசிக்க நேர்ந்தது.

சில மாதங்களுள் நியூயோர்க்கில் வில்லியம் ஹால்ஸ்ரெட்டும் அவரது தோழர்களும் கொக்கெயினை நரம்புக்கு அருகே ஊசிமூலம் செலுத்தினர். இன்று புற நரம்புத் தடை எனப்படும் முறையின் பிறப்பு இதுவே. அவர்கள் தம்முடல்களிலேயே சோதித்தனர். ஹால்ஸ்ரெட் உட்படப் பலர் அம்மருந்துக்கு அடிமையாயினர்.

நமது வினாவுக்கு முதல் விடையளித்தவர் அதே நகரத்து லெனாட் கோர்ணிங் ஆவார். குருதி ஓடும் இடத்தில் மருந்து தங்காது என்பதை அவர் உணர்ந்தார். 1885இல், கொக்கெயினைச் செலுத்திய பின் அவயவத்தை இறப்பர்ப் பட்டியால் இறுக்கிக் கட்டினார். குருதி தேங்கியது, மருந்து அங்கேயே நின்றது, விறைப்பு நீடித்தது. மருந்தை இட்ட இடத்திலேயே தடுத்து வைத்தால் நேரம் நீளும் என்பதே இதன் உட்பொருள். எளிமையானது, பெருமளவு உண்மையுமானது.

1903இல் ஜேர்மன் சத்திரவைத்தியர் ஹைன்றிக் பிறவுண் பட்டிக்குப் பதிலாக அதிரினலினைப் பயன்படுத்தினார். சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரினற் சுரப்பியின் உட்பகுதி சுரக்கும் அப்பொருளை, ஜோக்கிச்சி தக்கமினேயும் உதவியாளர் ஊயெனாக்காவும் அமெரிக்காவில் பிரித்தெடுத்து அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அது குருதிக் குழாய்களைச் சுருக்குவதால் இறப்பர்ப் பட்டியின் வேலையைத் துளிகளே செய்தன. பின்னர் 1905இல் மருத்துவத்துக்கு வந்த புறொக்கெயின் நஞ்சில் குறைந்ததெனினும் விரைவில் கலைந்துபோவது. அதிரினலின் இன்றேல் அதற்கு வாழ்வில்லை. 1943இல் சுவீடனில் ஆக்கப்பட்ட லிடொக்கெயின், 1957இல் அங்கேயே ஆக்கப்பட்ட நீள்நேர புபிவக்கெயின், நரம்பருகே மென்குழாய் வைத்து மருந்தை இடையறாது செலுத்தும் முறை என்பன பின்னர் வந்தவை. ஆனால் மென்குழாய்க்குப் பம்பியும் பயிற்சி பெற்ற தாதியரும் வேண்டும். வசதி குன்றிய வைத்தியசாலை இவற்றுக்கு எங்கே போகும்?

இந்நிலையில் அதே சுரப்பி மறுபடியும் வரலாற்றுள் நுழைகிறது. இம்முறை அதன் புறப்பகுதி. அப்பகுதி சுரக்கும் ஓமோன்களுள் ஒன்றான கோட்டிசோன், 1948இல் அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில் மூட்டுவாத நோயாளர் ஒருவருக்கு முதன்முதலாக வழங்கப்பட்டது. எருதின் பித்தத்திலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட படிகளில் அதனை ஆக்கவேண்டியிருந்தமையால் விலை எட்டாததாயிற்று. ஸ்ரெரொயிட் மருந்துகளை மலிவாக்கியதில் மெக்சிக்கோவின் பார்பஸ்கோ என்னும் காட்டுக் கிழங்குக்குப் பெரும் பங்குண்டு. அதனைக் காட்டில் தோண்டிச் சுமந்தோர் வெராகுரூஸ், ஒக்சாக்கா மாநிலங்களின் ஏழை விவசாயிகள். கொக்கா இலையைப் பேணிய மக்களைப் போலவே இவர்களும் மருந்தின் வரலாற்று நூல்களில் அடிக்குறிப்பாகவே இடம்பெறுகின்றனர். 1950களின் இறுதியில் ஆக்கப்பட்ட டெக்சாமெதசோன் இவ்வரிசையில் மிக வலிமை வாய்ந்தவற்றுள் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் 1977ஆம் ஆண்டு முதற் பட்டியலிலேயே அது அத்தியாவசிய மருந்தாக இடம்பெற்றது.

1990களில் அமெரிக்க ஆய்வாளர், புபிவக்கெயினை மெல்லக் கசியவிடும் நுண்குளிகைகளில் டெக்சாமெதசோனைச் சேர்த்து விலங்குகளில் சோதித்தபோது விறைப்பு வெகுநேரம் நீடித்தது. 2006இல் ஈரானிய ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு நுண்குளிகை எதனையும் வேண்டவில்லை. கையில் சத்திரசிகிச்சைக்கு வந்த 60 நோயாளருட் பாதிப்பேருக்கு, அக்குள் வழியாகச் செலுத்திய லிடொக்கெயினுடன் 8 மில்லிகிராம் டெக்சாமெதசோன் சேர்க்கப்பட்டது. உணர்வுத் தடை சராசரி 98 நிமிடத்திலிருந்து 242 நிமிடமாயிற்று. 2011இல் அமெரிக்காவில் வெளியான தோள் சத்திரசிகிச்சை ஆய்வொன்றில், றொப்பிவக்கெயினால் ஏறத்தாழ 12 மணித்தியாலம் நின்ற நோவுத்தணிப்பு 22 மணித்தியாலமாக நீண்டது. எங்கும் கிடைக்கும் மலிவான மருந்தொன்று நோயாளியின் முதலிரவை ஏறக்குறையக் கடத்திவிட்டது.

இவ்வாய்வுகளில் ஸ்ரெரொயிட் நரம்பருகேதான் இடப்பட்டது. ஏன்? அதிரினலின் அங்கு இடப்பட்டது. அதற்குமுன் பட்டி அவயவத்தில் கட்டப்பட்டது. கோர்ணிங்கின் விடை பழக்கமாக இறுகிவிட்டது என்றே நாம் கருதுகிறோம். ஸ்ரெரொயிட் குருதிக் குழாயை மட்டும் சார்ந்து செயற்படுவதில்லை. உடல் முழுவதிலும் அழற்சியைத் தணிப்பது அது. அவ்வாறாயின் நாளத்தில் ஏற்றினாற் போதாதா? 2013இல் பெல்ஜிய ஆய்வொன்று இதனை நேரடியாகச் சோதித்தது. றொப்பிவக்கெயின் மட்டும் பெற்றோருக்கு நோவின்றிக் கழிந்தது 757 நிமிடம்; டெக்சாமெதசோனை நரம்பருகே பெற்றோருக்கு 1405; நாளத்தில் பெற்றோருக்கு 1275. (இவை இடைநிலை அளவுகள்.) பல ஆய்வுகளைத் திரட்டிய 2017ஆம் ஆண்டு கொக்ரேன் மதிப்பாய்வு, நரம்பருகே இடுவதால் ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் கூடுதலாகக் கிடைக்கிறது எனக் கணித்தது.

இம்மூன்று மணித்தியாலத்துக்காக நரம்பைச் சோதனைக்கு உட்படுத்தலாமா என்பதில் மருத்துவரிடையே ஒருமித்த கருத்தில்லை. சில குப்பிகளில் கெடாதிருக்கச் சேர்க்கும் பொருள்கள் நரம்புக்கு ஊறு செய்யக்கூடுமென்ற அச்சமும் உண்டு. நீரிழிவு நோயாளருக்கு எவ்வழியிற் கொடுப்பினும் குருதிச் சீனி உயரலாம். மருந்தின் காப்புரிமை என்றோ காலாவதியாகிவிட்டமையால், இப்புதிய பயன்பாட்டை முறைப்படி பதிவுசெய்யப் பணம் செலவிட எந்த உற்பத்தியாளருக்கும் ஆர்வமில்லை. மறுபுறத்தில், கொழுப்புக் குமிழிகளில் அடைத்த புபிவக்கெயின் 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுப் பன்மடங்கு விலைக்கு விற்கப்படுகிறது. ஆகவே நரம்பருகே டெக்சாமெதசோன் இடும் மருத்துவர் பெரும்பாலும் குப்பியின் அனுமதிக் குறிப்பில் இல்லாத ஒன்றைத் தம் பொறுப்பிலேயே செய்கிறார்.